பெட்டியைக் கொழுவிக்கொண்டு பாசிக்குடா முதல் பாணமை வரை: இருவருக்கான வழிகாட்டி

மட்டக்களப்பில் 'பெட்டி' என்றால் உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவி, நெல்லும் விறகும் கலியாண வீட்டுக் கதிரைகளும் ஏற்றுகின்ற இழுவைப் பெட்டிதான் எவருக்கும் நினைவுக்கு வரும். அதே சங்கதிக்குக் கூரையும் மெத்தையும் அமைத்து, எங்கள் பழைய கெப் வாகனத்தின் பின்னால் கொழுவிக்கொண்டு நானும் கணவரும் ஊர் சுற்றப் புறப்பட்டபோது, "வளவில வீடு கிடக்க, இன்னொரு வீட்ட ஏன் இழுத்துக்கிட்டுத் திரியுறீங்க?" என்று அயலவர்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களில் சிலரே அளவும் செலவும் விசாரிக்கத் தொடங்கியிருப்பதால், விசாரிப்பவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னே போவது பெரிய வித்தையன்று. ஒரு நாள் பழகினால் போதும். வீதியிலிருந்து விலகி, ஓர் ஒழுங்கைக்குள் திரும்பி, யாரோ ஒருவருடைய வளவில் பின்னுக்கு எடுத்து நிறுத்துகின்ற கடைசி 20 மீற்றர்தான் பயணத்தின் மெய்யான வேலை. எங்கள் கரையோரத்தில் ஒழுங்கைகள் ஒடுக்கம், மதில்கள் கிட்ட, இரு பக்கமும் கான் (வடிகால்) வெட்டியிருக்கும். ஆகையால் எவ்வளவு பெரிய பெட்டி, எத்தனை மணிக்குப் புறப்படுவது, எங்கே தங்குவது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடையை அந்த 20 மீற்றரிலிருந்தே தேட வேண்டும்.

அளவும் பாரமும்

எங்கள் பெட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம். உள்ளே இருவருக்கு மெத்தை, இரு பக்கமும் கதவு, பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் மூடியின் கீழே அடுப்படி, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசுகின்ற கச்சான் காற்று, வடக்குத் தெற்காக ஓடும் எங்கள் கரையோர வீதியைக் குறுக்கே அடிக்கும். வயல்வெளிகளிலும் வாவிப் பாலங்களிலும் மறைப்பு இல்லாத இடத்தில் உயரமான பெட்டியொன்று அந்தக் காற்றை வாங்கினால், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். படுப்பதற்குப் பெட்டி, இருப்பதற்கு மரநிழல் என்று வகுத்துக்கொண்டால் தாழ்ந்த பெட்டியே போதுமானது.

உங்கள் வாகனம் எவ்வளவு பாரத்தை இழுக்கலாம் என்பது அதன் கைந்நூலில் இருக்கும். சிறிய கார்கள் சிலவற்றுக்கு இழுவைக்கு அனுமதியே இல்லை. அப்படியானால் கொக்கி பூட்டித் தருவதாக எந்தப் பட்டறை சொன்னாலும் இணங்க வேண்டாம். பெட்டியின் பதிவு, சாரதி அனுமதிப்பத்திர வகுப்பு, காப்புறுதி ஆகிய மூன்றையும் கட்டுவதற்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாகனத்தின் காப்புறுதி பெட்டிக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிவிடுவது பலர் செய்யும் தவறு.

சாமான் ஏற்றிய பெட்டியின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொழுவியின் மேல், அதாவது வாகனத்தோடு பூட்டுகின்ற பெட்டியின் முன்முனையில், இறங்க வேண்டும். எங்கள் பெட்டி எல்லாச் சாமானோடும் 480 கிலோ. ஆகவே கொழுவியில் ஏறத்தாழ 48 கிலோ இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம். இதை அளக்க உடல் நிறை பார்க்கும் சாதாரணத் தராசு போதும். சமதரையில் தராசை வைத்து, அதன் மேல் ஒரு மரக்குற்றியை நிறுத்தி, கொழுவியை அதன் தலையில் இறக்கிப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். குறைவாக இருந்தால் பின்புறம் பாரம் கூடிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட பெட்டி ஓட்டத்தில் வாலாட்டத் தொடங்கும். 20 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்று 20 கிலோ என்பதை மறந்து, அதைப் பின் அடுப்படியில் வைத்ததால்தான் முதற்பயணத்தில் எங்கள் பெட்டி ஆடியது. இப்போது தண்ணீரும் பற்றரியும் சில்லுகளுக்குச் சற்று முன்னே இருக்கின்றன. ஆட்டம் வந்துவிட்டால் பதறிப் பிறேக்கை மிதிக்கக் கூடாது; ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்டி தானாக அடங்கும்.

கொழுவும்போது ஒருவர் கொழுவ, மற்றவர் சரிபார்க்க வேண்டும்; கொழுவுகிறவரோடு அந்நேரம் யாரும் கதை கொடுக்கக் கூடாது. பூட்டு விழுந்த பிறகு, பெட்டியின் முன்முனையைத் தாங்கும் சிறு சில்லின் கைபிடியைச் சுற்றிக் கொழுவியை மேலே உயர்த்திப் பாருங்கள்: வாகனத்தின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு உண்மையாகவே பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொழுவியின் கீழே குறுக்காகப் போட வேண்டும். கொழுவி கழன்றாலும் முனை வீதியில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும். பிறகு விளக்குகள். இடது சமிக்ஞையைப் போட்டால் பின்விளக்கு எல்லாம் சேர்ந்து மினுங்குகிறதென்றால் பல்பை மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம். பெரும்பாலும் எர்த் வயர்தான் உப்புக் காற்றில் அரித்திருக்கும். முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் சரியாகிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பெட்டி டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட, வெயிலில் நின்று நின்று வெடிப்பு விட்டே கெடுகின்றன. பூ (டயரின் மேல்வெட்டு) நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக் கூடாது. மேலதிகச் சில்லு ஒன்று பெட்டிக்கென்றே தனியாக வேண்டும். புறப்பட்டு 20 கிலோமீற்றரில் ஒரு முறை நிறுத்தி, இரு பக்கச் சில்லுகளின் நடுக்குடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. ஒரு பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டால், உள்ளே பெயாரிங்கில் கோளாறு. எங்களுக்கு அக்கரைப்பற்றை நெருங்கும்போது இடப்பக்கம் அப்படிச் சுட்டது; கழற்றிப் பார்த்தால், முந்தைய வாரம் வேலை செய்த பட்டறையில் கிறீஸ் மூடியைச் சரிவர அறையாமல் விட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்திருக்காவிட்டால் சில்லைத்தான் தேடிப் பொறுக்கியிருப்போம்.

பின்னுக்கு எடுத்தல்

இதற்கு நான் அதிக இடம் ஒதுக்குகிறேன். எங்கள் வீட்டில் பெட்டியைப் பின்னுக்கு எடுப்பது நான். கை காட்டுவது கணவர். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரியப்பாவின் நெல் பெட்டியோடு வளர்ந்தவள் என்பதால் வந்த பழக்கம் இது. வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டியின் பின்புறம் வலப்பக்கம் போகும். இந்த மறுதலைதான் எல்லாரையும் குழப்புகிறது. பெரியப்பா சொல்லித் தந்தது ஒரே வரி: "மேல பிடிச்சா மூள குழம்பும் புள்ள, கீழ பிடி." ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில், ஒரு கையை வையுங்கள். பெட்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கை வலப்பக்கம் போனால் பெட்டியும் வலப்பக்கம் போகும். குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

இன்னும் இரண்டு செய்திகள். சிறிய பெட்டி பெரிய பெட்டியைவிடச் சடுதியாக மடியும். சில்லுக்கும் கொழுவிக்கும் இடைத்தூரம் குறையக் குறைய அது துடுக்காக நடந்துகொள்ளும். ஆதலால் கையை ஒரு சாண் நகர்த்தி, பெட்டி திரும்பத் தொடங்கியதும் உடனே நேராக்கி, அதன் பின்னாலேயே வாகனத்தையும் கொண்டுபோக வேண்டும். பெட்டியும் வாகனமும் முழங்கை மடிந்தாற்போல மடியத் தொடங்கினால், அதைத் திருத்தப் பாடுபடாமல் முன்னே எடுத்து நேராக்கி மீண்டும் தொடங்குங்கள். முன்னே எடுப்பதில் வெட்கமில்லை. மதிலில் இடிப்பதில்தான் வெட்கம். முடிந்தவரை சாரதியின் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக வளைத்து ஏற்றுங்கள். யன்னலால் தலையை நீட்டிப் பெட்டியின் மூலையை நேரே காணலாம். இடப்பக்கம் வளைத்தால் கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்.

அறுவடை முடிந்த வெட்டை ஒன்றில், நான்கு தண்ணீர்ப் போத்தல்களை வாசலாக வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு மணி நேரம் பழகுங்கள். மூன்று பின்னேரங்கள் போதும்.

கை காட்டுகிறவரும் பழக வேண்டும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அவர் நிற்க வேண்டிய இடம் பெட்டிக்குப் பின்னால் அன்று. என் கண்ணாடியில் அவர் முகம் தெரியும் பக்கவாட்டில். 'வலம்', 'இடம்' என்று கத்துவது எங்களுக்குச் சரிவரவில்லை; அவருடைய வலமா, என்னுடைய வலமா, வாகனத்தின் வலமா என்று ஒவ்வொரு முறையும் வழக்கு வந்தது. இப்போது பெட்டியின் பின்புறம் போக வேண்டிய திசைக்கு அவர் கையை நீட்டுவார். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்த வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியாமல் போனாலும் நான் நிறுத்திவிடுவேன். வாயே திறப்பதில்லை. இருட்டில் டோர்ச் விளக்கை நிலத்தை நோக்கிப் பிடிப்பார், என் முகத்தை நோக்கி அன்று. கலியாணமாகி இருபத்தாறு வருடங்களில் எங்களுக்குள் வந்த மிகப் பெரிய சமாதான உடன்படிக்கை இதுதான் என்று அவர் விருந்தினர்களிடம் சொல்வதுண்டு.

வீதியும் காலமும்

முதற்பயணத்துக்குப் பாசிக்குடாவை விட நல்ல இடமில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர், வீதி அகலம், ஏதும் பிசகினால் அன்றே வீடு திரும்பலாம். வெகு தூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் நீந்தத் தெரியாதவரும் குளிக்கலாம். அந்த வழியில் புகையிரதக் கடவைகள் உண்டு: தண்டவாளத்தைத் தாண்டும்போது வாகனத்தோடு உங்கள் நீளம் முடிவதில்லை என்பதை நினைவில் வைத்து, அக்கரையில் பெட்டிக்கும் சேர்த்து இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

தெற்கே போகும் பயணம் கல்லடியில் தொடங்குகிறது. பெட்டியோடு போக 2013இல் திறந்த புதிய பாலம் இருக்கிறது. 1924இல் கட்டி முடித்த பழைய பாலத்தில் மாலையில் காலாற நடக்கலாம். அங்கிருந்து பொத்துவில் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். பெட்டியோடு நாங்கள் 50ஐத் தாண்டுவதில்லை. ஆயினும் நேரம் தின்பது வேகமன்று, ஊர்கள்தாம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கும் அந்தப் பகுதியைக் காலை ஏழு மணிக்கு முன் கடந்துவிடுங்கள். பாடசாலை விடும் ஒன்றரை மணியும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை பள்ளிவாசல்களின் முன்னால் வாகனங்கள் நிறையும் பொழுதும் பெட்டிக்காரருக்கு உகந்தவை அல்ல. அந்த நேரத்தில் எங்காவது நிழலில் நிறுத்திச் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிடுவதே மேல். மருதமுனையில் கைத்தறிச் சாறம் வாங்க நிறுத்துவதென்றால் கடை வாசலில் நிறுத்த முயலாமல், பெட்டியை வெளியே அகலமான இடத்தில் விட்டு ஒருவர் மட்டும் நடந்து போங்கள்.

திருக்கோவில் கழிந்ததும் வீதி ஆறுதலாகிவிடும். சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் கும்பிட்டு, கோமாரியை நோக்கிப் போகையில் வருகின்ற சங்கமன்கண்டிதான் இலங்கையின் கிழக்குக் கோடி முனை. இந்நாட்டில் சூரியன் முதலில் தலைகாட்டும் மண்ணுக்கு அருகே போகிறோம் என்பதை ஏனோ பலரும் அறியாமலே கடந்துபோகிறார்கள். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். மாலையில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும். பெட்டியோடு சடுதியாக விலக்க முடியாது என்பதால் முன்னாலுள்ள வாகனத்துக்கும் உங்களுக்கும் வழக்கத்தைப் போல இரு மடங்கு இடைவெளி விடுங்கள். பிறேக் இல்லாத சிறு பெட்டி பின்னாலிருந்து தள்ளும்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொத்துவிலிலிருந்து லகுகல ஊடாகச் சியம்பலாண்டுவைக்குப் போகும் வீதியிலும், பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைப் பக்கத்திலும், வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவை போகும் வழியிலும் அந்தி சாய்ந்தால் யானை வீதியில் நிற்கலாம். வாகனம் மட்டும் என்றால் பின்னுக்கு எடுத்துத் திரும்பிவிடலாம். பெட்டியோடு நேராகப் பின்னுக்குப் போவதே கடினம். அச்சத்தில் கை நடுங்கும்போது முழங்கையாக மடிந்து வீதியை அடைத்துக்கொண்டு நிற்பீர்கள். எனவே எங்கள் சட்டம் இது: பின்னேரம் நான்கு மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேர வேண்டும், சேர முடியாதென்று மூன்று மணிக்கே தெரிந்தால், அகப்பட்ட முதல் ஊரில் நின்றுவிட வேண்டும். பலாப்பழம், வாழைக்குலை, உப்பு மூட்டை போன்றவற்றைக் காட்டோரத்தில் தங்கும் இரவுகளில் பெட்டிக்குள் வைத்துப் படுக்க வேண்டாம். மணத்துக்கு யானை சுவரையும் இடிக்கும், எங்கள் பலகைச் சுவர் அதற்கு ஒரு பொருட்டன்று.

சித்திரை முதல் புரட்டாசி வரை பயணிக்கலாம். கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். பெட்டியை வீட்டில் விடுங்கள். வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடினால், அது முழங்காலளவுதான் என்று யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரப் பெட்டி அள்ளுண்டு போனதை இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தையே புரட்டிய நீரில் பலகைப் பெட்டி மிதக்கும், மிதந்ததும் வாகனத்தையும் இழுக்கும். ஆடி மாதத்தை ஒட்டிய நாட்களில் உகந்தை முருகன் கோயில் வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோர் பாணமை வீதியில் நிறைந்திருப்பார்கள். நடைவேகத்தில் போங்கள், ஹோனை அடிக்காதீர்கள். பாணமைக்கு அப்பால் உகந்தைக்குப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டாம். அதைத் தங்குமிடத்தில் விட்டு, வாகனத்தில் மட்டும் போய்வருவதே புத்தி.

தங்குமிடம்

இங்கே பெட்டிகளுக்கென்று மின்சாரமும் தண்ணீரும் வைத்த திடல்களை எதிர்பார்க்க முடியாது. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் சிறிய விருந்தினர் விடுதிகளின் வளவில் ஓரிடம் கேட்டு, மலசலகூடத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொள்வதே நடைமுறை. முதல் நாள் தொலைபேசியில் பேசும்போது "அறை வேண்டாம், இடம் மட்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையெனில் அறையைக் கூட்டித் துடைத்து வைத்துக் காத்திருப்பார்கள். கடற்கரை மணலில் பெட்டியோடு இறங்கவே வேண்டாம். கோயில் வளவென்றால் நிர்வாகத்தாரிடம் நேரில் கேளுங்கள்; மறுத்தால் வாதாடக் கூடாது.

வளவுக்குள் ஏறும் முன் இருவரும் இறங்கி நடந்து பாருங்கள். மேலே துணிக்கொடி, தாழ்ந்த மின்கம்பி, மாங்கொம்பு. கீழே மணல், கான், குழி. தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். தேங்காய் கூரைக்கு மட்டும் கேடல்ல. பொத்துவில் பக்கத்தில் ஒரு வளவில், நிலம் சமமாகத்தான் இருக்கிறது என்று நான் நம்பி ஏற்றியபோது, இடப்பக்கச் சில்லு 'டக்' என்ற ஓசையோடு ஒரு சாண் இறங்கியது. மணல் மூடிக் கிடந்த கழிவுக் குழியின் கொங்கிறீட் மூடி நடுவே வெடித்திருந்தது. வீட்டுக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கணவர் உள்ளங்கையைக் காட்டியபடி அசையாமல் நின்றார். பலகை வைத்து மெல்ல முன்னே எடுத்து, மறுநாள் மேசனைப் பிடித்து மூடியை வார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அன்று முதல், "தண்ணி எங்க எடுக்கலாம்?" என்று கேட்பதற்கு முன் "குழி எங்க இருக்கு?" என்று கேட்கிறோம்.

சமையலுக்கு 2.3 கிலோ வாயுச் சிலிண்டர் ஒன்று மூன்று நாள் பயணத்துக்குத் தாராளம். வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில் தங்கும். ஆகையால் சிலிண்டரை நிமிர்த்தி, படுக்கும் இடத்துக்கு வெளியே கட்டி, அடிப்புறத்தில் காற்றோட்டத் துளை விடுங்கள். மழையானாலும் பெட்டிக்கு உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். 100 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். 20 வாற்று மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் 17 அம்பியர் மணிதான் போகும் என்பதால், இரண்டு இரவுகளுக்குக் கவலையில்லை. நுளம்பு வலை கதவு, யன்னல் அனைத்துக்கும் வேண்டும். வாவிக் கரையில் காற்று விழுந்த இரவில் அதன் அருமை தெரியும். எருமைத் தயிர் வாங்கினால் சட்டியைப் பெட்டிக்குள் வைக்காமல், முன்னாசனத்தில் இருப்பவரின் மடியில் கொடுத்துவிடுங்கள். பாணமை வீதியின் ஒரு பள்ளத்தில் எங்கள் சட்டி உடைந்து, மெத்தையில் இறங்கிய தயிரின் புளிப்பு மணம் இரண்டு மாதம் போகவில்லை.

வீடு திரும்பியதும் களைப்பென்று அப்படியே விட்டுவிடாமல், அடிச்சட்டம், கொழுவி, சங்கிலி அனைத்தையும் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை இறக்குங்கள். சூடாறிய பிறகே நடுக்குடத்தில் தண்ணீர் படலாம். மெத்தையை இரண்டு வெயில் காயவைத்து, பற்றரியைக் கழற்றி, நாட்கணக்கில் நிற்கப்போகும் பெட்டி என்றால் குற்றி வைத்துச் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்திவிடுங்கள். கடைசியாக அடுப்படியில் அரிசி ஒரு மணிகூட மிச்சமில்லாமல் கூட்டிவிடுங்கள். வயல் எலிக்கு எங்கள் பெட்டியின் வயர்கள் மிகவும் பிடிக்கும்.